ஒன்பது பென்ஸ் ஸ்பைடர்மேன்

ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றியது 1962 ஆகஸ்ட் மாதத் தேதியுடன் வெளிவந்த ‘அமேசிங் ஃபேன்டஸி’ 15ஆம் இதழில். ஸ்டான் லீ எழுதி ஸ்டீவ் டிட்கோ வரைந்த பதினோரு பக்கக் கதை அது. அமெரிக்கக் கடைகளில் இதழின் விலை 12 சென்ட். அதன் மிக நல்ல நிலையிலான ஒரு பிரதி 2021 செப்டம்பரில் 36 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதே இதழுக்கு இன்னொரு வகைப் பிரதியும் உண்டு. அட்டைப்படம், கதை, விளம்பரங்கள், தாள், முதுகில் குத்திய இரண்டு பின்கள் என்று எதிலும் வேறுபாடு இல்லை. 12 சென்ட் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் 9 பென்ஸ் என்று அச்சாகியிருக்கும்.

சேகரிப்பாளர்கள் முதல் வகையைச் சென்ட் பிரதி என்றும் இரண்டாவதைப் பென்ஸ் பிரதி என்றும் சொல்வார்கள். பென்ஸ் பிரதியைப் பிரிட்டனில் யாரோ மறுபதிப்புச் செய்தது என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள். அது தவறு. இரண்டும் ஒரே அமெரிக்க அச்சகத்தில், ஒரே அச்சு ஓட்டத்தில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். ஒன்று அங்கேயே தங்கியது, மற்றொன்று கப்பல் ஏறியது.

அன்றைய காமிக்ஸ் அச்சு முறையைத் தெரிந்துகொண்டால் இது எளிதில் விளங்கும். உள்பக்கங்கள் மலிவான செய்தித்தாள் காகிதத்தில் ஓடும். பளபளப்பான அட்டை தனியே அச்சாகி வந்து பிறகு சேரும். அட்டைக்கு நான்கு வண்ணங்கள், நான்கு அச்சுத் தகடுகள்: நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. கோடுகளும் எழுத்துகளும் பெரும்பாலும் கறுப்புத் தகட்டில்தான் இருக்கும், விலையும் அதில்தான். பிரிட்டனுக்குப் போக வேண்டிய பங்கை அச்சடிக்கும்போது எந்திரத்தை நிறுத்தி, கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றுவார்கள். மற்ற மூன்று தகடுகளும் அப்படியே இருக்கும். வேலை முடிந்ததும் இரண்டு வகை அட்டைகளுக்கும் ஒரே உள்பக்கங்களை வைத்துப் பின் அடிப்பார்கள். அதனால்தான் 1960களின் தொடக்கத்துப் பென்ஸ் பிரதியைத் திறந்து முதல் பக்கத்தின் அடியிலுள்ள பொடி எழுத்துகளைப் படித்தால், வெளியீட்டாளர் முகவரியோடு சென்ட் விலையே அச்சாகியிருக்கும். வெளியே பென்ஸ், உள்ளே சென்ட்!

ஒரு தகட்டை மாற்றும் இந்தச் சிரமத்தை ஏன் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு இரண்டாம் உலகப் போர் வரை பின்னே போக வேண்டும். போரும் அதற்குப் பிந்தைய டாலர் தட்டுப்பாடும் காரணமாக, அமெரிக்கப் பத்திரிகைகளை வணிகரீதியாக இறக்குமதி செய்யப் பிரிட்டன் தடை போட்டிருந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்கப் படைவீரர்கள் கொண்டுவந்த பிரதிகள்தான் அங்கே கைமாறின. எல். மில்லர், தார்ப் அண்ட் போர்ட்டர் போன்ற நிறுவனங்கள் உரிமை வாங்கிக் கறுப்பு வெள்ளையில் மறுபதிப்புகள் வெளியிட்டன. அவைதாம் உண்மையான மறுபதிப்புகள். பென்ஸ் பிரதிகளுக்கும் அவற்றுக்கும் எந்த உறவும் இல்லை. 1955இல் சிறுவர்களுக்குத் தீங்கான பிரசுரங்களைத் தடுக்கும் சட்டமும் வந்து திகில் காமிக்ஸ்களுக்குக் கதவடைத்தது.

1959இல் இறக்குமதித் தடை விலகியது. லெஸ்டரைச் சேர்ந்த தார்ப் அண்ட் போர்ட்டர் அமெரிக்க வண்ண காமிக்ஸ்களை நேரடியாக வரவழைத்து, தெருமுனைப் பத்திரிகைக் கடைகளின் சுழலும் கம்பித் தாங்கிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. அட்டையில் சென்ட் விலை இருந்தால் லண்டன் சிறுவனுக்கும் புரியாது, கடைக்காரருக்கும் பயனில்லை. ஆகவே ஒவ்வொரு பிரதியிலும் ரப்பர் முத்திரையால் பென்ஸ் விலையைக் குத்தினார்கள். சூப்பர்மேன், பேட்மேன் இதழ்களை வெளியிட்ட டிசி, 1970களின் பிற்பகுதி வரை இந்த முத்திரை முறையிலேயே பிரிட்டனுக்கு வந்தது. பின்னாளில் ஸ்பைடர்மேனை வெளியிட்ட மார்வெல் மட்டும் 1960இலேயே விலையை அச்சிலேயே மாற்றும் வழிக்குப் போய்விட்டது. டெல், சார்ல்டன், ஆர்ச்சி ஆகியவற்றின் சில இதழ்களும் அதே காலத்தில் இப்படி வந்தன.

மார்வெல் தேர்ந்தெடுத்த நேரம் சேகரிப்பாளர்களுக்கு ஒரு கொடை. 1961 நவம்பர் தேதியிட்ட ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ முதல் இதழ், ஹல்க், ஸ்பைடர்மேன், அவெஞ்சர்ஸ், எக்ஸ்-மென் முதல் இதழ்கள் என்று மார்வெல் உலகின் அடித்தளக் கற்கள் அத்தனைக்கும் 9 பென்ஸ் பிரதிகள் உண்டு. இரண்டாண்டு தாமதித்திருந்தால் இவற்றில் முதலாவது பிரிட்டனுக்கு முத்திரையோடுதான் வந்திருக்கும்.

விலை எண்ணைப் படிக்கப் பழைய பிரிட்டிஷ் நாணயக் கணக்கு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆக ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். பென்ஸைக் குறிக்க எண்ணுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்து ‘டி’ இருக்கும்; ரோமானியரின் தெனாரியஸ் நாணயத்திலிருந்து வந்த வழக்கம் அது. 1960களின் தொடக்கத்தில் ஒரு பவுண்டு 2.80 டாலர். அந்தக் கணக்கில் 9 பென்ஸ் என்பது பத்தரை சென்ட். அதாவது அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த ஸ்பைடர்மேன், நியூயார்க்கில் விற்றதைவிடக் குறைந்த விலைக்கு லண்டனில் கிடைத்தான்! பிறகு விலை 10 பென்ஸ், ஒரு ஷில்லிங் என்று ஏறியது. 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பு 2.40 டாலராகக் குறைக்கப்பட்டபோது ஒரு பென்ஸ் சரியாக ஒரு சென்ட் ஆனது. அந்த மாற்று விகிதத்தில் ஒரு ஷில்லிங் என்பது 12 சென்ட்டேதான்.

1971 பிப்ரவரி 15 அன்று பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியது. ஷில்லிங் ஒழிந்து, பவுண்டுக்கு 100 புதிய பென்ஸ் ஆனது. காமிக்ஸ் அட்டைகளில் ‘டி’ மறைந்து ‘பி’ வந்தது. 6, 8, 10, 12, 15 என்று அந்தப் பத்தாண்டு முழுவதும் எண் ஏறிக்கொண்டே போனதில், 1970களின் பிரிட்டிஷ் பணவீக்கத்தை இதழ் இதழாகப் பார்க்கலாம். பென்ஸ் பிரதிகளின் பெட்டி ஒன்றை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்ப்பதில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். கதாநாயகர்களின் முகத்துக்கு மேலே ஒரு நாட்டின் பொருளாதாரம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

விலை தவிர வேறு தடயங்களும் உண்டு. 1960களின் பல பென்ஸ் பிரதிகளில் அட்டையின் மேல் மூலையில் மாதப் பெயர் இருக்காது. அமெரிக்காவில் அந்த மாதம், இதழைக் கடையிலிருந்து எப்போது எடுத்துவிடலாம் என்று கடைக்காரருக்குச் சொல்லும் குறிப்பு. கப்பலில் வாரக்கணக்கில் பயணித்து வரும் பிரதியில் மாதம் இருந்தால் அது பழைய சரக்காகத் தெரியும். எனவே விலையை மாற்றும்போதே மாதத்தையும் தகட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். 1970களில் ஒரு காலகட்டத்தில் அட்டையின் உச்சிப் பட்டையும் மாறியது. ‘மார்வெல் காமிக்ஸ் குரூப்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘மார்வெல் ஆல்-கலர் காமிக்ஸ்’ என்று போட்டார்கள்.

அதற்குக் காரணம் மார்வெலின் சொந்த வீட்டிலேயே முளைத்த போட்டி. 1972இல் மார்வெல் தன் பிரிட்டிஷ் கிளை மூலம் ‘த மைட்டி வேர்ல்ட் ஆஃப் மார்வெல்’ என்ற வார இதழைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஸ்பைடர்மேனுக்கும் தனி வார இதழ் வந்தது. அமெரிக்கக் கதைகளைத் துண்டு போட்டு, பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் தந்த இதழ்கள் இவை. பிரிட்டிஷ் சிறுவர்கள் வார இதழ்களுக்கே பழகியவர்கள். தமிழ் வாசகர்களுக்கு 1972இல் முத்து காமிக்ஸ் மூலம் அறிமுகமான இரும்புக்கை மாயாவிகூட, 1962இல் ‘வேலியன்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில் தொடராகப் பிறந்தவர்தான். அப்படிப்பட்ட சந்தையில், முழு வண்ண அமெரிக்க இதழை உள்ளூர்க் கறுப்பு வெள்ளை வார இதழிலிருந்து பிரித்துக் காட்டத்தான் அந்த ‘ஆல்-கலர்’ பட்டை.

வார இதழ்களின் வரவு இன்னொரு விளைவையும் உண்டாக்கியது. உள்ளூர் வார இதழில் ஓடும் நாயகர்களின் அமெரிக்க மூல இதழ்கள் சில காலம் பிரிட்டனுக்கு அனுப்பப்படவில்லை. 1974இல் வுல்வரின் முழுமையாக அறிமுகமான ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ 181ஆம் இதழ் இன்று 1970களின் மிகவும் தேடப்படும் காமிக்ஸ்களில் ஒன்று. அதற்குப் பென்ஸ் பிரதியே கிடையாது. இப்படி விநியோகமாகாத இதழ்களைப் பிரிட்டிஷ் விலைக் கையேடுகள் தனிக் குறியிட்டுக் காட்டும். எனவே ஒரு தொடரின் பென்ஸ் பிரதிகளை முழுமையாகச் சேர்க்க நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, எந்த எண்ணுக்குப் பென்ஸ் பிரதி உண்டு, எது முத்திரையோடு வந்தது, எது வரவே இல்லை என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொள்வது. அந்தப் பட்டியல் இல்லாமல் தேடுபவர், உலகில் இல்லாத ஒரு பிரதிக்காக வருடக்கணக்கில் அலைய நேரிடும்.

மதிப்பு விஷயத்தில் இந்தப் பிரதிகளுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்பதே என் உறுதியான எண்ணம். பழைய காமிக்ஸ்களைத் தரம் பார்த்துக் கண்ணாடிபோன்ற உறையில் அடைத்துத் தரும் சிஜிசி என்ற அமெரிக்க நிறுவனம், நீண்ட காலம் இவற்றின் லேபிளில் ‘யு.கே. எடிஷன்’ என்றே எழுதியது. ‘எடிஷன்’ என்றதும் இது வேறு பதிப்பு, பின்னால் வந்த பதிப்பு என்ற எண்ணம் வாங்குபவர் மனதில் விழுந்துவிடுகிறது. அமெரிக்கச் சந்தையில் பென்ஸ் பிரதிகள் சென்ட் பிரதிகளைவிடக் குறைந்த விலைக்கே பல காலம் போயின.

இதையே வேறொரு உதாரணத்தோடு வைத்துப் பாருங்கள். 1976இலும் 1977இலும் மார்வெல் விலை உயர்வைச் சோதித்துப் பார்க்க, சில அமெரிக்க நகரங்களுக்கு மட்டும் வேறு சென்ட் விலை அச்சிட்டு அனுப்பியது. ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் இதழின் வழக்கமான விலை 30 சென்ட். சோதனைப் பிரதியின் விலை 35 சென்ட். அந்த ஐந்து சென்ட் வித்தியாசத்துக்காக இன்று சேகரிப்பாளர்கள் சாதாரணப் பிரதியைவிடப் பல மடங்கு பணம் கொடுக்கிறார்கள். அதே இதழுக்கு 12 பென்ஸ் பிரதியும் உண்டு. மூன்றும் பிறந்த முறை ஒன்றுதான், தகட்டில் விலையை மாற்றியதுதான் வேலை. 35 சென்ட்டைக் கொண்டாடிக்கொண்டு 12 பென்ஸை இரண்டாம் தரமாக நடத்துவதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்றுகூட இல்லை. பிரிட்டனுக்குப் போன பங்கு அமெரிக்காவில் விற்றதைவிட மிகச் சிறியது. அதிலும் சிறுவர்கள் படித்து, மடித்து, மாற்றிக்கொண்டு, கடைசியில் பழைய பேப்பருக்குப் போனவை போக எஞ்சியவைதான் இன்று கிடைப்பவை.

வாங்கப் போகிறவர் கையில் ஒரு பூதக்கண்ணாடி இருப்பது நல்லது. உண்மையான பென்ஸ் விலை மற்ற கறுப்பு எழுத்துகளோடு ஒரே மையில், ஒரே அழுத்தத்தில், பளபளப்பான தாளில் சமமாக உட்கார்ந்திருக்கும். முத்திரை விலை அப்படி இருக்காது. மை அட்டையின் பளபளப்புக்கு மேலே நின்று, விளிம்பில் கசிந்து, சில சமயம் சாய்ந்தும் இருக்கும். அடியில் சென்ட் விலையும் தெரியும். முத்திரை குத்திய சென்ட் பிரதியைப் பென்ஸ் பிரதி என்று விற்பவர்கள் உண்டு. அதற்காக முத்திரைப் பிரதியைக் குறைபாடுள்ளதாக ஒதுக்கவும் வேண்டாம். எந்த வழியாகக் கடைக்கு வந்தது என்பதற்கு அந்த மைதான் சாட்சி.

பிறகு இதழைத் திறந்து பின்களைப் பாருங்கள். பிரிட்டனின் ஈரக் காற்றில் பல பத்தாண்டுகள் இருந்த பிரதிகளில் பின் துருப்பிடித்து, துரு தாளுக்குள் இறங்கியிருக்கும். நடுப்பக்கம் பின்னோடு பிடித்திருக்கிறதா என்று விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். 1974 முதல் 1976 வரையிலான மார்வெல் இதழ்களில் வாசகர்கள் வெட்டி ஒட்டிச் சேர்க்க ‘வேல்யூ ஸ்டாம்ப்’ என்ற சிறு படம் வரும். அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, அந்தச் சதுரம் வெட்டப்படாமல் இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் பணம் கொடுக்கக் கூடாது. செய்தித்தாள் காகிதத்தில் உள்ள லிக்னின் ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பாகும் என்பதால், அமிலமற்ற அட்டையோடு பாலியஸ்டர் உறையில் போட்டு, இருட்டான, வறண்ட இடத்தில் நிமிர்த்தி வைப்பதே வழக்கம்.

1980களின் தொடக்கத்தோடு தனிப் பென்ஸ் அச்சு முடிவுக்கு வந்தது. ஒரே அட்டையில் அமெரிக்க விலையையும் பிரிட்டிஷ் விலையையும் சேர்த்தே போட ஆரம்பித்தார்கள். தகடு மாற்றும் வேலை மிச்சமானது. ஆனால் கனடாவுக்காக 1982 முதல், மார்வெல் 1986 வரையிலும் டிசி 1988 வரையிலும் அதே பழைய முறையில் தனி விலைப் பிரதிகளை அச்சடித்தன. 60 சென்ட் இருக்கும் இடத்தில் 75 சென்ட் இருக்கும் அந்தப் பிரதிகளைத் தேடிப் பிடிப்பதற்கென்றே இப்போது ஒரு தனிக் கூட்டம் வளர்ந்து வருகிறது.