நெரிசல் இணைப்பில் குரல் தாமதம்: காரணமும் தீர்வும்

உரையாடல் என்பது இருவர் மாறி மாறிப் பேசுவதாகும். ஒருவர் முடித்த இடத்தில் மற்றவர் தொடங்க வேண்டும். இம்முறை பிறழுமாயின் பேச்சு கூச்சலாகிவிடும். கணினி வலையமைப்பின் வழியே குரலை அனுப்பும் இக்காலத்தில் இம்முறையைக் கெடுப்பது தாமதமே.

இதனை வெறும் வசதிக்குறைவு என்று கருதிவிட இயலாது. 2022 ஆகஸ்ட் மாதத்தில் மேட்டூர் அணையிலிருந்து பெருவெள்ளம் திறந்துவிடப்பட்டபோது, குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆகிய ஊர்களில் காவிரிக் கரையோரத் தாழ்வான பகுதிகளில் நீர் புகுந்தது. இத்தகைய நாள்களில் ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்திற்குத் தொலைபேசியில் கூறும் செய்தி பெரும்பாலும் எண்களால் ஆனது. "ஒன்றரை இலட்சம் கன அடி" என்று ஒருவர் தொடங்கும்போது, தாமதத்தின் காரணமாக மற்றவரும் உடன் பேசிவிட்டால், முதற்சொல் மறைந்து "இலட்சம்" மட்டுமே செவியில் விழக்கூடும். மறைந்தது ஒரு சொல். குறைந்ததோ ஐம்பதாயிரம் கன அடி! ஆதலின் இத்தாமதம் எங்கே பிறக்கிறது, அதனை எவ்வாறு களையலாம் என்பவற்றைக் காண்போம்.

குரல் செல்லும் வழி

தொலைதூர ஊர்களின் அலுவலகங்களைப் பிணைப்பது விரிபரப்பு வலையமைப்பு. மாநிலத் தலைநகரிலிருந்து ஒன்றியம் வரை இத்தகைய வலையமைப்பை நிறுவும் திட்டத்திற்கு இந்திய அரசு 2005இல் ஒப்புதல் அளித்தது. ஓர் இணைப்புக்குக் குறைந்த அளவு நொடிக்கு 2 மெகாபிட் என்று அத்திட்டம் வகுத்தது. தரவு, குரல், காட்சி மூன்றும் ஒரே பாதையில் செல்வது இதன் இயல்பு.

நம் குரல் பொதுவாக 20 மில்லி விநாடிக்கு ஒரு துண்டாக நறுக்கப்பட்டுச் சிறு பொதிகளாக அனுப்பப்படுகிறது. ஒரு நொடிக்கு 50 பொதிகள். வாயிலிருந்து செவி வரை 150 மில்லி விநாடிக்குள் குரல் சென்று சேருமாயின் பேசுவோர் தாமதத்தை உணரார். 400 மில்லி விநாடியைத் தாண்டுமாயின் அது ஏற்கத்தக்கதன்று. இவை பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த எல்லைகள்.

தூரம் குற்றவாளியன்று

சேலத்திற்கும் சென்னைக்கும் இடைப்பட்ட தூரமே தாமதத்திற்குக் காரணம் என்று பலரும் எண்ணுவர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. வடம் சுற்றிச் சென்று 500 கிலோமீட்டர் ஆயினும் அதற்கு வேண்டுவது இரண்டரை மில்லி விநாடியே.

உண்மைக் காரணம் வரிசை. 1500 பைட் அளவுள்ள ஒரு பெரும் பொதி 2 மெகாபிட் இணைப்பில் ஏற 6 மில்லி விநாடி ஆகும். யாரோ ஒருவர் பெருங்கோப்பு ஒன்றை அனுப்ப, அத்தகைய 50 பொதிகள் ரூட்டரில் முன்னே நிற்குமாயின், பின்னே வந்த குரற்பொதி 300 மில்லி விநாடி காத்திருக்க நேரும். நாமக்கல் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் லாரிகளின் பின்னே ஆம்புலன்ஸ் சிக்கிக்கொள்வதை இதற்கு உவமையாகக் கூறலாம். ஆம்புலன்சின் வேகத்தில் குறையில்லை. அதற்கெனத் தனிவழி இல்லாமையே குறை.

கண்டறியும் முறை

முதற்கண், இணைப்பு ஓய்ந்திருக்கும் அதிகாலையிலும், அலுவல் மிகுந்த முற்பகலிலும் பிங் என்னும் சோதனையால் போய்வரும் நேரத்தை அளந்து ஒப்பிட வேண்டும். இரு வேளையும் நேரம் மிகுந்திருந்தால் பாதையிலோ கருவியிலோ குறை உண்டு. எடுத்துக்காட்டாக, புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாயின் ஒருவழிக்கே கால் நொடி கழியும். முற்பகலில் மட்டும் மிகுமாயின் குற்றம் வரிசையினுடையதே.

அடுத்து, எத்திசையில் நெரிசல் என்று காணல் வேண்டும். ரூட்டரின் வெளிச்செல்லும் வரிசை நீளத்தையும், கைவிடப்பட்ட பொதிகளின் எண்ணிக்கையையும் இரு முனைகளிலும் நோக்க வேண்டும். ஒரு முனையை மட்டும் நோக்கி முடிவு கட்டுவது தவறான வழியில் கொண்டுபோய் விடும்.

தீர்வு

முதலாவது, குரற்பொதிகளுக்கு அடையாளமிடல். இதற்கென 46 என்னும் குறியெண் வழங்குகிறது. இரண்டாவது, அவ்வடையாளம் உடையவற்றை இரு முனை ரூட்டர்களிலும் முன்வரிசையில் அனுப்பல். மூன்றாவது, இம்முன்னுரிமைக்கும் வரம்பு கட்டல். இணைப்பில் மூன்றிலொரு பங்கைக் குரலுக்கு ஒதுக்குவது வழக்கம். அழைப்பு ஒன்றுக்கு நொடிக்கு 80 கிலோபிட் என்று கொண்டால், 2 மெகாபிட் இணைப்பில் எட்டு அழைப்புகள் இடர்ப்பாடின்றி நடைபெறும். ஒன்பதாவது அழைப்பைத் தொடக்கத்திலேயே மறுப்பது, ஒன்பதையும் சேர்த்துக் கெடுப்பதினும் மேலானது.

நான்காவது, மறந்துவிடக் கூடாத ஒன்று: நம் ரூட்டர் அனுப்பும் வேகத்தை இணைப்பின் வேகத்தைவிடச் சற்றே குறைத்து வைத்தல். இல்லையேல் வரிசை நம் கைக்கு எட்டாத இணைப்பு நிறுவனத்தாரின் கருவியில் போய் நிற்கும்; நாம் இட்ட முன்னுரிமை பயனற்றதாகும். பெருங்கோப்புகளை நகலெடுக்கும் பணியை இரவுக்கு மாற்றுவதும் நலம்.

இவையனைத்தும் செய்த பின்னரும் நெரிசல் தீராவிடின் இணைப்பை அகலப்படுத்தலாம். முறை செய்யாது அகலத்தை மட்டும் கூட்டினால், பெருகும் கோப்புகள் அவ்வகலத்தையும் நிரப்பிவிடும். பாதை எவ்வளவு அகலமாயினும், உயிர் காக்கும் சொல்லுக்கு முதலில் வழிவிடும் ஒழுங்கு அதனிடத்தே அமைய வேண்டும்.