கிச்சன் கப்போர்டு லைட் மினுக்குகிறதா? கவனம் தேவை

ஒரகடம், படப்பை, மாத்தூர் பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளில் மாடுலர் கிச்சனோடு மேல் கப்போர்டின் அடியில் ஒட்டும் எல்.இ.டி. ஸ்ட்ரிப் லைட்டும் வந்துவிடுகிறது. அதிகாலை ஷிப்டுக்குச் செல்பவருக்கு டிபன் கட்டவும், ரமலானில் சஹருக்குச் சமைக்கவும் அந்த வெளிச்சம் உதவுகிறது. அது மினுக்கினால் "சின்ன லைட்தானே" என்று விட்டுவிடுகிறோம். சில கோளாறுகள் சின்னவைதான். ஆனால் வேறு சில, வீட்டு வயரிங்கில் உள்ள ஆபத்தைக் காட்டுபவை. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் எந்த வகை என்று பாருங்கள்

பெரும்பாலான ஸ்ட்ரிப்புகள் 12 வோல்ட்டில் எரிபவை. 230 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்ற ஒரு அடாப்டர் கப்போர்டுக்குள் இருக்கும். இதை டிரைவர் என்றும் சொல்வார்கள். அடாப்டர் இல்லாமல் நேரடியாக 230 வோல்ட்டில் எரியும் ஸ்ட்ரிப்பும் கடைகளில் கிடைக்கிறது. அது உங்கள் வீட்டில் இருந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம். சிங்க் அருகில் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

மெயினை அணைத்த பிறகே தொடுங்கள்

தொழிற்சாலையில் மெஷினைத் திறக்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டி, அட்டை மாட்டுகிறார்கள். வீட்டிலும் அதே பழக்கம் வேண்டும். சுவிட்சை மட்டும் நம்பாமல் மெயினை அணைத்து, "வேலை நடக்கிறது, போடாதீர்கள்" என்று ஒரு தாளை அதன்மேல் ஒட்டுங்கள்.

நீங்களே சரிபார்க்கக் கூடியவை

மூன்று எல்.இ.டி. மட்டும் அணைந்திருக்கிறதா? 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்றாகத்தான் இணைத்திருப்பார்கள். ஒன்று கெட்டாலும் அந்த மூன்றும் அணைந்துவிடும். இதில் ஆபத்தில்லை, அந்தத் துண்டை மாற்றினால் போதும். வெட்டுவதாக இருந்தால் கத்தரிக்கோல் குறி போட்ட இடத்தில் மட்டுமே வெட்ட வேண்டும்.

கடைசிப் பகுதி மட்டும் மங்கலாக எரிந்தால், ஸ்ட்ரிப் நீளம் அதிகம் அல்லது வயர் மெல்லியது என்று பொருள். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை 5 மீட்டருக்கு மேல் ஒரே தொடராக இழுக்கக் கூடாது.

தொட்டால் எரிகிறது, விட்டால் அணைகிறது என்றால் கிளிப் கனெக்டர் தளர்ந்திருக்கும். அடுப்பின் ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து அங்கே பச்சைக் களிம்பு பிடித்திருக்கவும் கூடும். கனெக்டரை மாற்றிவிடுங்கள்.

பத்து நிமிடம் எரிந்து பிறகு விட்டு விட்டு எரிந்தால், அடாப்டர் சூடேறுகிறது. ஸ்ட்ரிப் மீட்டருக்கு 14.4 வாட் என்றால் 3 மீட்டருக்கு 43 வாட் ஆகிறது. அதற்கு 36 வாட் அடாப்டர் தாங்காது. 60 வாட் வேண்டும். காற்றோட்டம் இல்லாத மூலையிலோ அடுப்புக்கு நேர் மேலேயோ அடாப்டரை வைக்காதீர்கள். வாங்கும்போது அதில் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டியவை

சுவிட்சை அணைத்த பிறகும் லைட் மெல்ல மினுக்குகிறதா? சுவிட்சில் உள்ள சின்ன இண்டிகேட்டர் விளக்கு காரணமாக இருக்கலாம். ஆனால் ஃபேஸ் வயருக்குப் பதில் நியூட்ரல் வயரை சுவிட்சில் கொடுத்திருந்தாலும் இப்படித்தான் மினுக்கும். அப்போது சுவிட்சை அணைத்தாலும் அடாப்டர் வரை 230 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். ஈரக்கையோடு துடைப்பவருக்கு இது உயிராபத்து. டெஸ்டர் வைத்துப் பார்த்து சரிசெய்யச் சொல்லுங்கள்.

லைட்டைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுந்தால் எங்கோ மின்கசிவு இருக்கிறது. வீடுகளில் பொருத்தும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. உயிரைக் காக்கவே விழுகிறது. அதை நீக்கிவிட்டு நேராக இணைப்புக் கொடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

மிக்ஸி போட்டால் எல்லா விளக்கும் மங்குகிறதா? எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கலாம். சில விளக்குகள் திடீரென்று அதிகப் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிந்தால், நியூட்ரல் துண்டாகியிருக்கலாம். உடனே மெயினை அணைத்து, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். தளர்ந்த இணைப்பில் எழும் சிறு பொறியே போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் "நம் வீடா என்ன?" என்று பொறுத்துப் போக வேண்டாம். எர்த் இல்லாததும் நியூட்ரல் மாறியிருப்பதும் வீட்டு உரிமையாளர் சரிசெய்து தர வேண்டியவை. எப்போது, எந்த சுவிட்சைப் போட்டால் கோளாறு வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக் கொடுங்கள். எலக்ட்ரீஷியனுக்கும் அது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.