நேரே போனால் முட்டுமா?

நெல்லியடிச் சந்தியில் பருத்தித்துறை பஸ்ஸுக்கு நின்றபோது என் மாணவன் கேட்டான்: "சேர், புரோத்தன் இழுத்தா இலத்திரன் நேரே போய் முட்டத்தானே வேணும்?"

"இந்தக் கேள்வியைக் கணக்காப் போட்டவர் பஸ் போற ஊரிலதான் படிச்சவர், தம்பி" என்றேன்.

ஹாட்லிக் கல்லூரியில் படித்த சி. ஜே. எலியேசர், கேம்பிரிட்ஜில் டிராக்கின் மாணவர். ஆர்முடுகும் இலத்திரன் கதிர்வீசிச் சக்தியை இழக்கும். அதையும் சேர்த்து டிராக் 1938இல் ஒரு சமன்பாடு தந்தார். எலியேசர் அதை ஐதரசனுக்குப் போட்டு, 1943இல் விடையை வெளியிட்டார்: நேரே வரும் இலத்திரன் புரோத்தனை எட்டாமலே திரும்பி, வேகம் கூடிக்கூடி ஓடிவிடும்.

"அது நடக்காத காரியமே, சேர்!"

"ஓம். ஆசிரியரின்ர சமன்பாடெண்டு அவர் அதை மறைக்கேல்ல."

இன்று மூலக்கூறோடு மோதும் இலத்திரனைக் குண்டாக அல்ல, அலையாகக் கணிக்கிறோம். அது வரும்போதே மூலக்கூறின் இலத்திரன் முகில் நெளியும். நைதரசனில், ஏறத்தாழ 2.3 இலத்திரன்வோல்ற்றுச் சக்தியில், கணநேரம் சிக்கி, மூலக்கூறை அதிரவைத்துவிட்டே வெளியேறும். ஆகவே கேள்வி "முட்டுமா?" என்பதல்ல, "எந்தத் திசையில், எவ்வளவு நிகழ்தகவு?" என்பதே.

பழைய முறை எங்கே முறியும் என்பதைக் காட்டியது, வடமராட்சியில் படித்த ஒருவர் ஒளிக்காமல் எழுதிய அந்த விடை. என் மாணவனுக்கு நான் சொல்ல நினைத்ததும் அதுதான்: விடை விசித்திரமாக வந்தாலும் அழிக்காதே.