தீப்பெட்டிப் படமும் மடி கட்டிய ஆடும்

விம்கோ நகர் என்னும் பெயர், 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளால் ஆனது. 1922இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு, 144 பெட்டிகள் கொண்ட ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் சுங்கம் விதிக்கப்பட்டது. அச்சுங்கத்தைத் தவிர்க்கவே சுவீடன் நாட்டு நிறுவனம் இந்தியாவில் ஆலைகளை அமைத்தது. திருவொற்றியூர் ஆலை அவற்றுள் ஒன்று. அதே காலத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுச் சிவகாசிக்குத் திரும்பினர்.

ஒருவர் குச்சிக்கும் மற்றவர் குச்சிக்கும் உள்ள வேறுபாட்டைக் கடையில் நின்று கண்டறிய இயலாது. எனவே விற்பனையின் சுமை முழுவதும் பெட்டியில் ஒட்டிய சிறு தாளின்மேல் விழுந்தது. எழுத்தறியாதார் மிகுந்த நாட்டில் படமே பெயராயிற்று. விம்கோவின் கப்பல் படம் குச்சியின் தரத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. நாள்தோறும் கண்ணில் படுவதே அதன் வாதம். பழக்கம் மெல்ல நம்பிக்கையாகிவிடுகிறது. இறக்குமதிக் காலத்திலோ ரவிவர்மா வரைந்த தெய்வ உருவங்களும் லேபிள்களில் இடம்பெற்றன. அங்கே வாங்குவோரின் பக்தி பொருளுக்கு இரவல் பெறப்பட்டது. (குப்பைக்குப் போகும் பெட்டிக்கு அவ்வுருவம் எதற்கு என்ற வினா வணிகருக்கு எழவில்லை போலும்.)

எதையும் கூறாத படத்தை எப்படி மறுப்பது? பார்லே பிஸ்கட் வழக்கில் உச்சநீதிமன்றம் 1972இல் இவ்வினாவையே எதிர்கொண்டது. ஓர் உறையில் ஒரு பெண், அருகே பசு, முன்புறம் கோழிகள். மற்றதில் தலையில் புல்கட்டுடன் ஒரு பெண், அருகே மாடு. அருகருகே வைத்தால் வேறுபாடு தெரியும். ஆனால் வாங்குபவர் அவ்வாறு ஒப்பிடுவதில்லை; மங்கலான நினைவையே கொண்டு வருகிறார். ஆகவே மொத்தத் தோற்றமே ஏமாற்றத்திற்குப் போதும் என்றது தீர்ப்பு.

ஃபிக்ஹ் நூல்களில் 'தஸ்ரியா' என்னும் தலைப்பு இதற்கு மிக அண்மையில் நிற்கிறது. விற்பதற்கு முன் ஆட்டையோ ஒட்டகத்தையோ கறக்காமல் விட்டுவைத்தால் மடி பெருத்துத் தோன்றும். விற்பவர் வாய்திறந்து பொய் சொல்வதில்லை, மடி பேசுகிறது. நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். கறந்து பார்த்தபின் வைத்துக்கொள்ளவோ, ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பித் தரவோ வாங்கியவருக்கு உரிமையுண்டு என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ். திருப்பித் தருவதில் இமாம் அபூஹனீஃபா மாறுபடுவார். செயல் கூடாதென்பதில் மாறுபாடில்லை.

தன் பெட்டிக்குக் கப்பலை அடையாளமாக இடுபவர் மடியைக் கட்டவில்லை. அக்கப்பலைப் போலவே இன்னொன்றை வரைபவர் கட்டுகிறார். பிறையும் பச்சை நிறமும் இட்டு நம்மை நோக்கி வரும் பொட்டலங்களையும் நாம் இவ்வளவுகோலுக்கு வெளியே விட்டுவிடலாகாது. உள்ளிருப்பதைப் பற்றி அவை யாதொன்றும் சொல்லியிருப்பதில்லை.