மலையின் நிறம் யாது?

பள்ளிப் பிள்ளைகளை மலை ஒன்று எழுதச் சொன்னால், உடனே பச்சை வர்ணத்தைக் கையில் எடுக்கிறார்கள். பொம்மிடியில் நின்று தெற்கே நோக்கினால் அது எவ்வளவு பொருந்தாதென்று விளங்கும். அருகிலுள்ள புளியமரம் பச்சை. அப்பால் எழும் சேர்வராயன் மலைச் சரிவு கருநீலம். அதற்கும் அப்பாலுள்ள முகடுகளோ வெளிறிய சாம்பல் நீலம்.

இந்த நீலத்தைத் தருவது இடையிலுள்ள காற்று. சூரிய ஒளியின் நீலக் கதிர்களைக் காற்றின் மூலக்கூறுகள் மற்றவற்றினும் மிகுதியாகச் சிதறச் செய்கின்றன. தூரம் கூடக் கூட நீலமும் கூடுகிறது. கோடைப் புழுதியும் மார்கழிப் பனியும் கலந்தால் அது வெளுத்துப்போகிறது. மழை ஓய்ந்த மறுநாள், மலையே நம்மை நெருங்கி வந்தாற்போல் தெளிகிறது. இயற்கைக் காட்சி எழுதும் சைத்திரிகருக்கு, மரத்தையும் பாறையையும்விட இக்காற்றை எழுதுவதே அரிய வேலை.

நம் பக்கத்து மலைகளை அவ்வாறு எழுதியவர்களுள் முன்னோடிகள் தாமஸ் டேனியலும், அவர் சகோதரர் மகன் வில்லியமும் ஆவர். இவ்விரு ஆங்கிலேயரும் 1792-இல் பாராமகாலில் பிரயாணம் செய்து, இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள இராயக்கோட்டை, ஜகதேவி முதலிய மலைக்கோட்டைகளை எழுதினர். 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளியான அவர்களது 'ஓரியண்டல் சீனரி' தொகுதிகளில் 144 சித்திரங்கள் உள்ளன. செப்புத் தகட்டில் பிசின் பொடியைப் படியவைத்து, அமிலத்தால் அரித்து அச்சிடும் முறை அது. அமிலம் சிறிது நேரமே பட்ட இடம் வெளிறும். நெடுநேரம் பட்ட இடம் கறுக்கும். தூரத்து மலைக்கும் அருகிலுள்ள பாறைக்கும் வேற்றுமை காட்ட இதனினும் ஏற்ற வழி ஏது?

ஆனால், திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பெனியார் கைக்குப் போனதும் அதே 1792-இல்தான். நிலம் கைமாறியது, அதன் தோற்றமும் கப்பலேறியது!

பின்னர் நம்மவரும் தூரிகை ஏந்தினர். 1903-இல் கல்கத்தாவுக்கு வந்த ஜப்பானியச் சைத்திரிகர் தைக்கானிடம் கண்டதைக் கொண்டு, அவனீந்திரநாத தாகூர், வர்ணமிட்ட காகிதத்தை நீரில் நனைத்து மீண்டும் மீண்டும் தீட்டும் முறையை வளர்த்தார். மூடுபனிக்கும் அந்தியொளிக்கும் அது மிகப் பொருந்தியது. அவருடைய சீடர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1929-இல் சென்னைக் கலைப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவரானார்.

அயலார் முறையைக் கற்பதில் இழுக்கில்லை. அயலார் கண்ணால் நம் நிலத்தைக் காண்பதுதான் இழுக்கு. பிள்ளைகளிடம் ஒரே மலையைக் காலை, நண்பகல், மாலை என மூன்று முறை எழுதச் சொல்லுங்கள். மூன்றும் வெவ்வேறு மலைகளாய் அமைந்தால், அவர்கள் பார்க்கக் கற்றுவிட்டார்கள் என்று மகிழலாம்.