ஊர்ப் பதிவேடும் உலக இலக்கும்: கப்பல்துறையை முன்வைத்து ஒரு நோக்கு

2015 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் 193 உறுப்பு நாடுகளும் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் 17 ஐ ஏற்றுக்கொண்டன. அவை 169 குறியிலக்குகளாக வகுக்கப்பட்டு, 2030 ஆம் ஆண்டு அவற்றின் எல்லையாகக் குறிக்கப்பட்டது. இலங்கை 2017 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இதற்கெனத் தனியே ஒரு சபையை நிறுவியது. 2018 இலும் 2022 இலும் தனது முன்னேற்றம் பற்றிய மீளாய்வு அறிக்கைகளை உலக மன்றில் சமர்ப்பித்தது. இவ்விலக்குகள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அமைச்சுக்கள், திட்டங்கள், நிதியொதுக்கீடுகள் என்னும் மட்டத்திலேயே நின்றுவிடுகின்றன. ஓர் ஊரின் எல்லைக்குள் இவ்விலக்குகளை ஏந்திச் செல்வது யார் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. அவ்வினாவுக்குரிய விடையைக் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கப்பல்துறை, திருகோணமலைத் துறைமுகத்தின் பின்னிலத்தில், கண்டி வீதியை அண்டி அமைந்த ஊராகும். பெயரிலே துறை இருப்பினும் ஊரின் வாழ்வு வயலையும் காட்டையும் கூலித்தொழிலையும் சார்ந்தது. அரச ஆயுர்வேத வைத்தியசாலையொன்றும் இங்கு உண்டு. மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளுள் பட்டினமும் சூழலும் என்னும் பிரிவில் இவ்வூர் அடங்குகின்றது. துறைமுகத்தைச் சூழ எண்ணெய்த் தாங்கிகளும் கொட்டியாரக்குடாவின் தென்கரையிலே சம்பூரின் சூரியமின் திட்டமும் பலராற் பேசப்படுகின்றன. ஊரின் சிறு அலுவலகத்தைப் பற்றிப் பேசுவார் இலர்.

அலுவலகத்தின் தோற்றம்

முற்காலத்தில் திருகோணமலைப் பிரதேசம் கொட்டியாரப்பற்று, தம்பலகாமப்பற்று, கட்டுக்குளப்பற்று முதலிய பிரிவுகளாக ஆளப்பட்டது. ஊர் மட்டத்தில் விதானைமார் அதிகாரம் செலுத்தினர். கோயிற் கடமைகளையும் அவற்றைச் செய்யவேண்டிய குடிகளையும் வகுத்துரைக்கும் கோணேசர் கல்வெட்டு என்னும் நூலை நோக்குமிடத்து, ஊரவரின் உரிமையையும் கடமையையும் எழுத்தில் நிறுத்தும் வழக்கம் இம்மண்ணுக்குப் புதியதன்று என்பது புலனாகும்.

1963 ஆம் ஆண்டில் விதானைமார் முறை நீக்கப்பட்டுக் கிராம சேவகர் பதவி உருவாக்கப்பட்டது. குடிமதிப்பும் பரம்பரைச் செல்வாக்கும் பதவிக்குத் தகுதியாக இருந்த நிலை மாறிப் பரீட்சையும் நியமனமும் தகுதியாயின. 1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச செயலாளரிடம் அதிகாரங்களை ஒப்படைத்ததன் பின்னர், கிராம உத்தியோகத்தர் அவரின் கீழ் ஊரின் முதல் வாயிலாக விளங்கலானார். இன்று நாடெங்கும் 14,000 இற்கு மேற்பட்ட கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் உள்ளன. இப்பிரிவுகளிலேயே குடும்பநல உத்தியோகத்தரும் சமுர்த்தி உத்தியோகத்தரும் விவசாய ஆராய்ச்சி உற்பத்தி உதவியாளரும் பணியாற்றுகின்றனர். இலக்குகளின் பட்டியலில் வறுமை, பசி, நலவாழ்வு என நிரல்பட நிற்பவை இவர்களின் அன்றாடக் கடமைகளே எனலாம்.

எண்ணப்படாதவர்கள்

“எவரும் பின்தள்ளப்படலாகாது” என்பது இவ்விலக்குகளின் அடிநாதம். ஆயின் ஒருவர் பின்தள்ளப்பட்டாரா என்பதை அறிய, முதலில் அவர் எண்ணப்பட்டிருத்தல் வேண்டும். திருகோணமலையைப் பொறுத்தவரை இது எளிதான காரியமன்று. 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின் பின் 1991 இல் மதிப்பீடு நடைபெறவில்லை. 2001 இல் நடைபெற்ற மதிப்பீடு போர் காரணமாக இம்மாவட்டத்தில் முழுமை பெறவில்லை. 2012 இலேயே மீண்டும் முழுமையான கணக்கு எடுக்கப்பட்டது. இடைப்பட்ட 31 ஆண்டுகளில் இடப்பெயர்வும் கலவரமும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் ஊர்களைக் குலைத்தன. அக்காலத்தில் எவர் எங்கிருந்தார், எவர் பெயர்ந்தார், எவர் மீண்டார் என்பதற்குக் கிராம அலுவலகத்தின் குடும்பப் பதிவுகளும் வாக்காளர் இடாப்புகளும் நிவாரணப் பட்டியல்களுமே பெரும்பாலும் சான்றாக நின்றன. எரிந்தும் நனைந்தும் போனவை போக எஞ்சியவை அவை.

இங்கு 16 ஆம் இலக்கின் ஒன்பதாம் குறியிலக்கை நாம் கருத்திற் கொள்ளல் தகும். 2030 இற்குள் பிறப்புப் பதிவு உட்பட அனைவர்க்கும் சட்டபூர்வமான அடையாளம் வழங்கப்பட வேண்டும் என்பது அது. மற்றைய இலக்குகள் பல இதன்மீதே கட்டப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டாக, இடம்பெயர்ந்த காலத்தில் பிறந்து, பிறப்புப் பதியப்படாத ஒரு பெண்ணைக் கொள்வோம். பிறப்புச் சான்றிதழ் இன்மையால் அவளுக்குத் தேசிய அடையாள அட்டை பெறுதல் அரிதாகின்றது. அட்டையின்றி வங்கிக் கணக்குத் திறக்க இயலாது. 2023 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவோ வங்கிக் கணக்கின் வழியே வருகின்றது. ஆகவே ஒரு கடதாசி இல்லாமையால் முதலாம் இலக்காகிய வறுமை ஒழிப்பு அவள் வாசலை எட்டுவதில்லை.

இச்சங்கிலியின் முதற் கண்ணி கிராம அலுவலகத்தில் உள்ளது. பிறப்பைப் பதிவது பதிவாளரின் கடமையாயினும், காலங்கடந்த பதிவுக்குக் கிராம உத்தியோகத்தரின் அறிக்கை துணைநிற்கின்றது. பழைய இடாப்பில் தாயின் பெயரைத் தேடிக் காணலும், அயலவரை விசாரித்தலும், வதிவிடத்தை உறுதிப்படுத்தலும் அவரது பணி. இதனை ஒரு நற்செயல் என்றோ தயவு என்றோ கொள்ளலாகாது. இலக்கை நிறைவேற்றும் அடிப்படைச் செயல் இதுவே.

இலக்குகள் முரண்படும் இடம்

பதினேழு இலக்குகளும் ஒன்றோடொன்று இசைந்தவை என்று ஏட்டில் எழுதுதல் எளிது. ஊரிலே அவை மோதுவதும் உண்டு. போர்க்காலத்தில் மக்கள் கைவிட்டுச் சென்ற வயலும் மேட்டுநிலமும் பற்றை மூடிக் காடாயின. வடக்கிலும் கிழக்கிலும் அத்தகைய நிலங்கள் பின்னர் வனப்பகுதிகளாக வரையப்பட்டமை பற்றிய முறைப்பாடுகள் பல. தரைவாழ் உயிர்களைப் பேணுதல் 15 ஆம் இலக்கு. பசியை ஒழித்தல் இரண்டாம் இலக்கு. காட்டைக் காக்கும் திணைக்களமும் தன் நிலத்துக்கு மீண்ட உழவரும் ஒரே நிலத்தில் எதிரெதிரே நிற்கின்றனர். இருவர் கூற்றிலும் நியாயமுண்டு. காடழிந்தால் யானை ஊருக்குள் வரும். நிலம் இழந்தால் உழவர் கூலியாவர். இவ்விடத்தில் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் கிராம உத்தியோகத்தருக்கு இல்லை. ஆயினும் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம் எவரிடம் இருந்தது, எந்த ஆண்டுவரை அங்கு பயிர் செய்யப்பட்டது என்பவற்றை உரைக்கத்தக்கவர் அவரே. அவ்வறிவு மேலே செல்லாதவிடத்து வரைபடமே உண்மையாகிவிடும்.

மேலிருந்து கீழ்நோக்கி மட்டும் ஓடும் அபிவிருத்தியின் விளைவை 2021 ஆம் ஆண்டில் நாடே கண்டது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சேதனப் பசளைக்கு மாறுதல் நிலைபேறான விவசாயம் என்னும் நோக்குக்கு உகந்ததே. ஆனால் எவ்வளவு எருவை ஊர்கள் உற்பத்தி செய்ய வல்லன, எவ்வளவு காலம் தேவை என்பன கீழ்மட்டத்தில் ஆராயப்படாமலே கட்டளை பிறந்தது. நவம்பர் மாதத்தில் தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. அப்போகத்தின் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. நல்ல இலக்கும் ஊரின் கணக்கைக் கேளாதுவிடின் தீங்காய் முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

குறைகளும் தேவைகளும்

இச்சிறு அலுவலகத்தை நாம் மிகைப்படுத்திப் புகழ முற்படவில்லை. அதனிடம் சொந்த நிதியில்லை. பல திணைக்களங்கள் ஒரே குடும்பத்தின் விவரத்தை வெவ்வேறு படிவங்களில் கேட்கின்றன. உத்தியோகத்தரின் பொழுதில் பெரும்பங்கு அவற்றை நிரப்புவதிற் கழிகின்றது. சான்றிதழ் வழங்கும் அதிகாரம் சிலவிடத்து ஊரவரை அலைக்கழிக்கும் கருவியாகவும் மாறக்கூடும். அஸ்வெசும முறையில் பட்டியலைப் பொதுவிற் காட்சிப்படுத்தி, மேன்முறையீட்டுக்கும் ஆட்சேபத்துக்கும் இடமளித்தமை இவ்வகையில் வரவேற்கத்தக்கது. பதிவேடு ஒருவரின் கைக்குள் மட்டும் அடங்காது ஊரவரின் கண்ணுக்கும் உட்படுதல் நன்று.

செய்யத்தக்கன மூன்றெனக் கருதுகிறோம். முதலாவது, குடும்ப விவரம் ஒருமுறை பதியப்பட்டு எல்லாத் திணைக்களங்களுக்கும் பயன்படுதல் வேண்டும். இரண்டாவது, அஞ்சிய பழைய இடாப்புகளும் அனுமதிப்பத்திரப் பிரதிகளும் அழியுமுன் பாதுகாக்கப்படல் வேண்டும். பல்கலைக்கழக மாணவர் இதில் துணைபுரியலாம். மூன்றாவது, ஊருக்கென வகுக்கப்படும் திட்டம் எதுவாயினும் அவ்வூரின் கணக்கைக் கேட்டபின்பே கட்டளையாதல் வேண்டும்.

இலக்குகள் உலகுக்குப் பொதுவானவை. அவற்றின் வெற்றியை அளக்கும் அலகோ ஒரு குடும்பம், ஒரு பெயர், ஒரு துண்டு நிலம். 2030 ஆம் ஆண்டில் நாடு எத்தகைய அறிக்கை சமர்ப்பிப்பினும், கப்பல்துறை போன்ற ஊர்களின் பதிவேட்டில் விடுபட்ட பெயர்கள் சேர்ந்தனவா என்பதே அவ்வறிக்கையின் மெய்யைச் சோதிக்கும் உரைகல்லாக அமையும்.