செவியால் படிப்போருக்கு ஏற்ற எழுத்து

ஒரு சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, அதிகாரியின் கையொப்பமும் முத்திரையும் பெற்று, பின்னர் ஸ்கானரில் வைத்துப் படமெடுத்து இணையதளத்தில் ஏற்றுவது இன்று அநேக அலுவலகங்களில் வழக்கமாக இருக்கிறது. கண்ணுள்ளவருக்கு அது சுற்றறிக்கை. கணிப்பொறிக்கோ அது கருமையும் வெண்மையுமான புள்ளிகளின் கூட்டம் மட்டுமே. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாள் அதில் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கலாம். ஆயினும் பார்வையற்ற மாணவி ஒருத்தி அதனைத் திறக்கும்போது, ஒன்றுமில்லாத ஆவணம் என்றே அவளுடைய கணிப்பொறி அறிவிக்கும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் முறைகள் இப்போது உண்டென்பது உண்மையே. ஆனால் மங்கிய அச்சிலும், முத்திரை விழுந்த வரியிலும், அட்டவணையின் கட்டங்களிலும் அவை இடறுகின்றன. ரகரத்தையும் கால் குறியையும் மாற்றிக்கொள்வதைப் பொறுத்துக்கொள்ளலாம்; தேதியில் ஓர் எண் மாறிவிட்டால் ஓராண்டுப் படிப்பே போய்விடும்.

பார்வையற்றோர் கணிப்பொறியை எவ்வாறு உபயோகிக்கின்றனர் என்பதை முதலில் அறிதல் நலம். திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் அவர்களுக்குத் துணை செய்கிறது. பெயரைக் கேட்டதும், திரையைக் கண்போல் பார்த்துச் சொல்லும் யந்திரம் என்று எண்ணத் தோன்றும். அது திரையைப் பார்ப்பதில்லை. திரைக்குப் பின்னால் ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய குறியெண்ணையும், இது தலைப்பு, இது இணைப்பு, இது பொத்தான், இது நிரப்ப வேண்டிய கட்டம் என்னும் குறிப்புகளையும் பெற்று, அவற்றைச் செயற்கைக் குரலாக மாற்றுகிறது. இவ்வகை மென்பொருள்கள் நெடுங்காலம் விலையுயர்ந்தவையாகவே இருந்தன. 2006-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில், தாமே பார்வையற்றவரான மைக்கேல் கரன் என்னும் இளைஞர் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானை இயற்றத் தொடங்கி, அதை எவரும் விலையின்றிப் பெற வழி செய்தார். தமிழையும் அது படிக்கும். அதனுடன் வரும் தமிழ்க்குரல் உலோகத்தன்மை வாய்ந்தது; புதிதாய்க் கேட்போருக்கு இனிமை தராது. பழகியவர்களோ நமது செவி தொடர முடியாத வேகத்தில் அதை ஓடவிட்டுக் கேட்கின்றனர்.

நாம் ஒரு பக்கத்தைக் கண்ணால் ஒரு முறை துழாவி வேண்டிய இடத்தில் நிற்கிறோம். செவியால் படிப்பவர் விசைகளால் துழாவுகிறார். எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்பு, கே விசையை அழுத்தினால் அடுத்த இணைப்பு, டி விசைக்கு அடுத்த அட்டவணை என்றவாறு செல்லலாம். தலைப்பைத் தலைப்பு என்றே குறித்திருந்தால்தான் இது நடக்கும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கிவிட்டால் அது கண்ணுக்குத் தலைப்பாகத் தோன்றும். யந்திரத்திற்கு அது மற்றுமொரு வரியே. நாற்பது பக்க வழிகாட்டி நூலில் ஒரு தலைப்பும் குறிக்கப்படவில்லையெனில், முப்பத்தெட்டாம் பக்கத்தை நாடுபவர் முதற்பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டு வரவேண்டும். அவ்வாறே, ஒரு பக்கத்தில் பதினைந்து இணைப்புகளும் "இங்கே சொடுக்கவும்" என்றிருந்தால், இணைப்புகளை மட்டும் தொடர்பவர் அந்த இரு சொற்களையே பதினைந்து முறை கேட்பார்.

தமிழுக்கென்றே சில சிக்கல்கள் உள. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டோர் இவற்றை அன்றாடம் எதிர்கொள்வதால் சற்று விரித்துரைப்பதில் தவறில்லை. யூனிகோட் முறை பரவுமுன், ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியெண்களின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திய எழுத்துருக்கள் பல வழங்கின. பாமினி அவற்றுள் ஒன்று. அதில் "அம்மா" என்று தட்டச்சு செய்தால், கணிப்பொறியின் நினைவில் தங்குபவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள். திரையில் அம்மா தோன்றுவாள். செவியில் விழுவதோ பொருளற்ற ஓர் ஒலி. யூனிகோட் முறையில் தமிழ் 1991-ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே இடம் பெற்றது. தமிழ்நாட்டு அரசு 2010-இல் அதைத் தரமாக ஏற்றது. எனினும் பழைய எழுத்துருக்களில் அமைந்த படிவங்களும் பாடக்குறிப்புகளும் இன்றும் கைமாறி வருகின்றன. சோதிக்கும் முறை எளிது: ஒரு வரியை நகலெடுத்து வேறோர் எழுத்துருவுள்ள ஆவணத்தில் ஒட்டிப் பார்க்கலாம். அது ஆங்கில எழுத்துகளாக மாறிவிடுமாயின், அந்த ஆவணம் செவிக்கு ஊமை என்று கொள்ளலாம்.

யூனிகோட்டில் எழுதிவிட்டால் மட்டும் குறை தீர்ந்துவிடுவதில்லை. "கௌரவம்" என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பையும் ளகரத்தையும் இட்டு "கெளரவம்" என்று எழுதுவோர் பலர். கண் இதை மன்னித்துவிடும். திரைவாசிப்பான் எழுத்துக்கு எழுத்து, ளகரத்துடன் ஒலிக்கும். தமிழ் எண்ணான ௭ எகரம்போலவும், ௮ அகரம்போலவும் இருப்பதால் ஒன்றினிடத்தில் மற்றொன்றை இடுவோரும் உண்டு. இவற்றினும் கொடியது, தலைப்பை அழகுபடுத்தும்பொருட்டு "அ றி வி ப் பு" என எழுத்துக்கு எழுத்து இடைவெளி விடும் பழக்கம். யந்திரம் அதை ஒரு சொல்லாகக் கொள்ளாது. எழுத்துகளை உதிர்த்துச் சொல்லும். சொல்லைத் தேடுவோருக்கும் அது அகப்படாது. அழகு வேண்டுமாயின் எழுத்துகளுக்கிடையிலான தூரத்தைக் கூட்டும் வசதி பல எழுது மென்பொருள்களில் இருக்கிறது.

விரலால் படிப்போருக்கும் இதே கவனம் பயன்படும். 1951-இல் வகுக்கப்பட்ட பாரதி பிரெய்ல் முறையில், இந்திய மொழிகளின் ஒத்த ஒலிகளுக்குப் பெரும்பாலும் ஒரே புள்ளி அமைப்பே உரியது. அதே ஆண்டில் டேராடூனில் மத்திய பிரெய்ல் அச்சகம் நிறுவப்பட்டது. இன்று கணிப்பொறியோடு இணைத்து, ஊசிமுனைகள் எழுந்தும் தாழ்ந்தும் வரிவரியாகப் பிரெய்லைக் காட்டும் சாதனங்கள் வந்துள்ளன. அவற்றின் விலை இன்னும் எட்டாத உயரத்திலேயே இருக்கிறது. திரைவாசிப்பான் எந்தக் குறியெண்ணைப் பெறுகிறதோ அதையே இச்சாதனமும் பெறுவதால், எழுத்து பிழைபட்டால் செவியும் விரலும் ஒருங்கே ஏமாறும்.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நாட்டில் 2 கோடியே 68 லட்சம் பேர் ஏதேனும் ஓர் ஊனத்துடன் வாழ்வதாகக் கண்டது. அவர்களுள் பார்வைக் குறையுடையோர் சுமார் 50 லட்சம். மொத்தத்தில் 1 கோடியே 86 லட்சம் பேர் கிராமங்களில் வசிப்பவர்கள். கள ஊழியர்கள் இந்தக் கடைசி எண்ணைக் கருத்தில் கொள்ளவேண்டும். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகை ஊனங்களையே குறித்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைக் குறிக்கிறது. அதன் 42-ஆம் பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வரும் செய்திகள் யாவும் அனைவரும் அணுகத்தக்க வடிவில் இருத்தல் வேண்டுமென விதிக்கிறது. இதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 17802 ஆகும்.

ஏட்டில் உள்ள சட்டம் எங்கே தடைப்படுகிறது என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கே சான்று. வங்கிக் கணக்கு தொடங்குவோரின் அடையாளத்தைக் கைபேசி வழியே சரிபார்க்கும்போது, உயிருள்ள ஆள்தானா என்பதை அறியக் கண் இமைக்குமாறு திரை கேட்கும். திராவகத் தாக்குதலில் முகமும் இமையும் கருகியவர்கள் இமைப்பது எங்ஙனம்? பார்வையற்றவர் தம் முகத்தைத் திரையிலுள்ள வட்டத்துக்குள் நிறுத்துவது எங்ஙனம்? 2025 ஏப்ரல் 30-ஆம் நாள் நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், எண்மிய வசதிகளை அணுகுதல் அரசியல் சட்டத்தின் 21-ஆம் விதி அளிக்கும் உயிர்வாழும் உரிமையின் கூறே எனக் கூறி, 20 கட்டளைகளைப் பிறப்பித்தது. இமைக்கத் தெரிந்தவர்களே அந்தப் படிவத்தை அமைத்தார்கள், இமைக்கத் தெரிந்தவர்களே அதைச் சோதித்தார்கள் என்பதே இங்கு நேர்ந்த கோளாறு என்பது என் கருத்து.

சில இணையதளங்களின் மேல்மூலையில் எழுத்தைப் பெரிதாக்கவும் வண்ணத்தை மாற்றவும் சிறு பொத்தான்கள் வைத்துவிட்டு, கடமை முடிந்ததென்று இருந்துவிடுகின்றனர். பார்வையற்றவர் தமக்கு வேண்டிய கருவியைத் தம் கணிப்பொறியிலேயே வைத்திருக்கிறார். பக்கத்தின் உள்ளமைப்பு செம்மையாக இல்லாதபோது அந்தப் பொத்தான்களால் அவருக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை. மங்கிய பார்வையுடையோருக்கு முக்கியமானது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு. சர்வதேச நெறிகளின்படி சாதாரண அளவு எழுத்துக்கு அது 4.5-க்கு 1 என்ற விகிதத்திற்குக் குறையக்கூடாது. வெண்மையின்மேல் வெளிர்சாம்பல் எழுத்து இந்த அளவை எட்டாது. உச்சிவெயிலில் வயல்வரப்பில் நின்று கைபேசியில் படிவம் நிரப்பும் ஊழியருக்கும் இந்த விகிதம் பேருதவி என்பதை அவரே சொல்லுவார். "சிவப்புக் கட்டங்களை மட்டும் நிரப்புக" என்பதுபோல் நிறத்தை மாத்திரம் கொண்டு வழிகாட்டுவதும் கூடாது.

செவிப்புலன் அற்றோருக்குப் பாடக் காட்சிகளின் அடியில் பேச்சின் எழுத்து வடிவம் தேவை. சைகை மொழியையே தாய்மொழியாகக் கொண்டோருக்கு அதுவும் போதாது, ஏனெனில் சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. 2015-இல் புதுடில்லியில் அமைந்த இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி நிலையத்தின் அகராதி 2021-இல் 10,000 சொற்களை எட்டியது. இது தனிக்கட்டுரைக்குரிய பொருள்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். 2020-இல் பள்ளிகள் மூடியிருந்தபோது, பாடக்குறிப்பைக் கையால் எழுதிப் படமெடுத்துக் கைபேசியில் அனுப்பும் பழக்கம் பரவிற்று. இன்னும் அது விடவில்லை. படத்தை அனுப்பும்போது அதன் கீழ் நான்கு வரிகளைத் தட்டச்சு செய்தும் அனுப்பலாம். அவ்வரிகளில் என்ன இருக்க வேண்டும் என்பதே கேள்வி. "இதயத்தின் படம்" என்று எழுதுவது ஒன்றும் எழுதாமைக்குச் சமானம். வலப்புற அறைகளிலிருந்து இரத்தம் நுரையீரலுக்குச் செல்வதையும், அங்கிருந்து இடப்புறம் மீள்வதையும் சொன்னால், படம் எதற்காக வரையப்பட்டதோ அது மாணவனை எட்டும். வெறும் அலங்காரப் படத்திற்கு விளக்கம் தேவையில்லை.

சோதனைக்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். மவுஸை ஒதுக்கி வைத்து, டேப் விசையால் மட்டும் ஒரு விண்ணப்பப் படிவத்தை முழுதும் நிரப்ப முடிகிறதா என்று பார்க்கலாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் டாக்பேக் என்னும் திரைவாசிப்பான் உள்ளேயே இருக்கிறது. விரலை வலப்புறம் இழுத்தால் அடுத்த பகுதியைப் படிக்கும். இருமுறை தட்டினால் தெரிவு செய்யும். அதை இயக்குவதற்கு முன்னர் நிறுத்தும் வழியை அறிந்துகொள்ளுதல் புத்திசாலித்தனம். இயக்கியபின் ஒருமுறை தட்டுவது எதையும் திறக்காது, பலர் திகைத்துவிடுகின்றனர். இவற்றிற்குப் பின், ஊரிலுள்ள பார்வையற்ற ஒருவரை அழைத்துப் படிவத்தை நிரப்பச் சொல்லி அருகிலிருந்து கவனிக்கலாம். அவருடைய நேரத்திற்கு உரிய ஊதியம் அளிப்பது முறை.

கையொப்பமிட்ட பிரதியே செல்லும் என்ற ஆட்சேபம் சுற்றறிக்கை விஷயத்தில் எப்போதும் எழுவதுண்டு. அதற்கு மின்னணுக் கையொப்பம் ஒரு வழி. அது இல்லாத அலுவலகங்கள், கையொப்பமிட்ட பிரதியின் படத்தோடு, தட்டச்சு செய்த மூலத்தை அச்சிடாமல் நேரே பி.டி.எஃப். ஆக்கி, அதே சுற்றறிக்கை எண்ணின் கீழ் இரண்டையும் சேர்த்து ஏற்றலாம். மூலம் எழுத்தரின் கணிப்பொறியில் முன்னமே இருக்கிறது.